அம்மாவுக்குத் தெரிந்த மலாய்

எங்கள் குடும்பத்தில் மலாய் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பத்து வயதில் அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வரும் கடிதங்களை நானே படித்துச் சொல்வேன். புரியாத இடங்களை என் விருப்பம்போல் நிரப்பிக்கொள்வேன்.

மலேசியாவில், கலும்பாங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்துவந்தார். ஒருநாள் மூட்டையைத் தூக்கியபோது முதுகில் சுருக்கென்றதாம். மறுநாளிலிருந்து தலைவலி. எழுந்து நின்றால் பிடரியைப் பிடித்து இழுக்கும். படுத்தால் சற்று நேரத்தில் விட்டுவிடும். அதனால் படுத்தே கிடந்தார்.

எங்களோடு இருந்த அத்தை, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "நல்ல தலைவலி லா இது. வேலைக்குக் கெளம்பினா வருது, பாயைப் போட்டா போயிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

கிளினிக்கில் மலாய்க்கார டாக்டர், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். டாக்டர்களிடம் மலாய் பேச அம்மாவுக்குக் கூச்சம். என்னிடம், "படுத்தா வலியே இல்ல, எந்திரிச்சாத்தான் வருதுன்னு சொல்லும்மா" என்றார்.

நான் சொல்லவில்லை. டாக்டரும் அம்மாவைச் சோம்பேறி என்று நினைத்துவிட்டால்? நாள் முழுதும் ஓயாமல் வலிக்கிறது என்று சொன்னேன். என் மலாயைப் பாராட்டிய டாக்டர், ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை எழுதினார். அடுத்தடுத்த முறையும் அதையே சொன்னேன். ஏழு மாதம் போயிற்று. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர், அம்மாவுக்குப் பதில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் படுக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து, இப்போது வலிக்கிறதா என்று அவரையே மலாயில் கேட்டார்.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "பாரிங், தாக் சாகிட்." படுத்தால் வலி இல்லை.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். மூளையைத் தாங்கும் நீர் முதுகுத்தண்டில் எங்கோ கசிகிறது, நிற்கும்போது அதன் அழுத்தம் குறைந்துதான் வலிக்கிறது என்று விளக்கினார். படம் எடுத்து அதை உறுதி செய்தார்கள். அம்மாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் ஊசியால் செலுத்திக் கசிவை அடைத்தார்கள். சில நாட்களில் அம்மா நிமிர்ந்து நடந்தார்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று டாக்டரம்மா கேட்டபோது, மறந்துவிட்டதாகச் சொன்னார் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். 'பாரிங்' என்ற சொல் தெரிந்தவருக்கு, ஏழு மாதமாக அது என் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை என்பதும் தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.