மோடத்தின் வாயை மூடினேன்

போன வாரம் ஒரு காலை. என் மனைவி சாரதா டெலிபோன் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஏதோ பூச்சி வெளியே வரப்போகிறது என்பதுபோல் ஒரு பார்வை.

“என்னங்க இது... உள்ள யாரோ தகரத்தைத் தரையில இழுக்கறாங்க!”

“வை, வை! டவுன்லோடு ஆகிட்டிருக்கு. கட்டாயிடும்!”

“கட்டாகட்டுமே. எங்க அக்காகிட்ட பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? போனை எடுத்தா இது கத்துது. எடுக்காட்டி அந்த ரூமுக்குள்ள கம்ப்யூட்டர் கத்துது.”

இரண்டாவது புகார் நியாயமானது. இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும்போதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மோடம் கீச்சென்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். அன்றே அதன் ஸ்பீக்கர் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டேன். வீட்டில் அமைதி. எனக்கும் ஒரு குறையைத் தீர்த்த திருப்தி.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன டவுன்லோடு என்று கேட்கிறீர்களா? கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதியது. அதன் மெனுக்களை எல்லாம் தமிழில் மாற்றும் குழு ஒன்றில், ஓய்வு நேரத்தில் நானும் இருக்கிறேன். சொற்களை மாற்றி முடித்தோம். திரையில் பார்த்தால்... பாதி பொத்தான்களில் தமிழ் தொங்கி நிற்கிறது. ‘அச்சிடு’ சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. ‘மாற்றங்களைச் சேமி’ என்பதோ ‘மாற்றங்களை’ என்பதோடு நின்றுவிட்டது. மாற்றங்களை என்ன செய்ய? சேமிக்கவா, தூக்கிப் போடவா?

நான் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். அளவு சரியில்லாமல் ஒரு பாகம் இன்னொன்றில் பொருந்தாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பொத்தானின் அகலத்தைக் கூட்டுவது எப்படி என்று குழுவுக்கு மெயில் அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: ‘சோர்ஸ் கோடை இறக்கிப் பாருங்கள்.’

சோர்ஸ் கோடு என்றால்? தைத்த சட்டையோடு, அதை வெட்டிய அளவுத் தாள்களையும் சேர்த்துக் கொடுத்து, ‘பிடிக்காவிட்டால் பிரித்துத் தைத்துக்கொள்’ என்று சொல்வது மாதிரி. பெரிய மனசுதான். ஆனால் அந்தத் தாள்கள் ஒரு லாரி பாரம் இருந்தன. என் டெலிபோன் லைனோ, ஒற்றையடிப் பாதை.

நடுநடுவே லைன் அறுந்துபோகும். விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் போட்டுக்கொண்டேன். அதில் ஒரு கட்டம்: ‘லைன் கட்டானால் தானாகவே மறுபடி டயல் செய்யவும்.’ இது தெரிந்தால் யார்தான் டிக் அடிக்காமல் இருப்பார்கள்?

இப்போது மகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் பெண். திருப்பத்தூர்க்காரி. எம்.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடி பெங்களூர் வந்தவள். முதலில் சேர்ந்த சின்னக் கம்பெனி, அவள் மேசையில் பெயர்ப் பலகை வைப்பதற்குள் மூடிவிட்டது. அதற்குப் பிறகு வேலை இல்லை. இந்த மாதத்தோடு போதும், ஊருக்கு வந்துவிடு என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அங்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கத் தேதியும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளிடம் போன் கிடையாது. ரெஸ்யூமேயில் எங்கள் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி., அதாவது அடுத்த வீட்டு நம்பர், என்று எழுதியிருந்தாள். இந்த ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை பக்கத்து வீட்டுப் போனில்தானே நடக்கிறது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து நின்றாள்.

“அங்கிள், வைட்ஃபீல்டுல ஒரு கம்பெனில இன்டர்வியூ போனேன்ல? நாளைக்குக் காலைல போன் பண்ணிச் சொல்றேன்னாங்க. நாம பண்ணக்கூடாதாம், அவங்களே பண்ணுவாங்களாம்.”

“கவலைப்படாதம்மா. காலைல டவுன்லோடை நிறுத்திட்டுத்தான் ஆபீஸ் போவேன்.”

“மறந்துடாதீங்க அங்கிள். இது போச்சுன்னா எனக்குத் திருப்பத்தூர் பஸ்தான்.”

“அவர் மறக்க மாட்டாரு மகி. குக்கர் விசில எண்ணி எழுதி வெக்கிற மனுஷன்” என்றாள் சாரதா உள்ளிருந்து. பாராட்டா, வேறு ஏதாவதா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை. சொன்னபடி இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தேன். ஹாலுக்கு வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் தெளிவாக வந்தது. கம்ப்யூட்டரை மட்டும் அணைக்கவில்லை... அணைத்தால் விட்ட இடம் அதற்கு மறந்துவிடுமோ என்று ஒரு பயம். மானிட்டரை அணைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

ஆபீசில் வேலை ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குப் போன் செய்தேன். என்கேஜ்டு.

ஆகா, கம்பெனியிலிருந்துதான்!

சிறிது பொறுத்து மறுபடி செய்தேன். அப்போதும் என்கேஜ்டு. இவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்றால் சம்பளம் வரைக்கும் போயிருக்க வேண்டும். வேலை இல்லை என்று சொல்வதற்கு இத்தனை நேரம் ஆகுமா?

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசை நாகராஜ், நல்ல செய்தியா என்று தன் கன்னடம் கலந்து கேட்டார்: “ஏன் சார், ஒள்ளே நியூஸா?”

“மாடி வீட்டுப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுச்சு போலிருக்கு.”

“அப்புறம் ஸ்வீட் எல்லி சார்?” ஸ்வீட் எங்கே என்கிறார்.

மத்தியானம் செய்தேன். என்கேஜ்டு. அப்பாவிடம் சொல்கிறாள் போல. அதற்குப் பிறகு செய்தேன். என்கேஜ்டு. சாரதா அவள் அக்காவைப் பிடித்துவிட்டாள் போல. ஒவ்வொரு என்கேஜ்டு டோனுக்கும் என்னிடம் ஒரு நல்ல காரணம் தயாராக இருந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வழியில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஹாலில் போனுக்கு எதிரே நாற்காலி போட்டு மகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். சாரதா சமையலறை வாசலில் நின்று விரலை உதட்டில் வைத்தாள்.

“ஷ்... மெதுவா வாங்க. மணி அடிச்சா கேக்காது.”

“இன்னுமா அடிக்கல?”

“அடிக்கலியே! காலைலருந்து நான் மிக்சிகூடப் போடல. சட்னி இல்லாமதான் தோசை தின்னோம்.”

மகேஸ்வரி என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். “என்ன அங்கிள், ஏதாவது விசேஷமா?”

நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“போனை எடுத்துப் பாத்தீங்களா?”

“ஐயோ, இல்ல அங்கிள்! நாம எடுக்கற நேரம் பாத்து அவங்க பண்ணிட்டா? எடுக்கவே கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டாங்க.”

ரிசீவரை எடுத்தேன். தகரத்தைத் தரையில் இழுத்தார்கள்.

படுக்கையறைக்கு ஓடி மானிட்டரைப் போட்டேன். டவுன்லோடு ஜோராக நடந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு துளிதான் பாக்கி. காலையில் நான் இணைப்பைத் துண்டித்ததை லைன் கட்டானதாக நினைத்து, நான் கிளம்பிய பிறகு, சொன்ன சொல் தவறாமல் அது மறுபடி டயல் செய்திருக்கிறது. நானாக வெட்டினேனா, லைன் தானாக அறுந்ததா... அதற்கு எப்படித் தெரியும்? முன்பானால் கீச்சென்று கத்தி ஊரையே கூட்டியிருக்கும். அதன் வாயைத்தான் நான் மூடிவிட்டேனே!

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

மகேஸ்வரி கதவருகே வந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஆட்டோ ரீடயலா அங்கிள்?”

“ஆமாம்மா.”

“ம்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. மாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு போன் அடிக்கவேயில்லை. சாரதா மிக்சி போடும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் போட்டாள்.

மறுநாள் காலை நானே மாடிக்குப் போனேன். “கிளம்பு. வைட்ஃபீல்டுக்குப் போய் நேர்ல கேட்டுடலாம்.”

“வரச்சொல்லாம போனா தப்பா நினைக்க மாட்டாங்களா?”

“நினைச்சா நினைக்கட்டும். நம்பர் வேலை செய்யலன்னு சொல்லு. பொய்யும் இல்ல.”

சிவாஜிநகர் போய் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் டிராஃபிக்கைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். கம்பெனிக்குள் அவள் போனாள். எதிர்ப்புறம் டீக்கடையில் நான் நின்றேன். ஒரு டீயை அவ்வளவு மெதுவாக நான் குடித்ததே இல்லை.

வெளியே வந்தவள் ரோட்டைக் கடக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

“திங்கக்கெழம சேரணுமாம் அங்கிள்!”

“அப்போ நேத்து கூப்பிடவே இல்லியா?”

“கூப்பிட்டாங்களாம். ‘நிம்ம நம்பர் பூரா என்கேஜ்டு இத்தல்லா’ன்னு அந்த மேடம் கன்னடத்துல பிடிபிடின்னு பிடிச்சாங்க.”

“அப்புறம் எப்படி?”

“இருக்கறது ஒரு எடம்தானாம். நான் கெடைக்கலன்னு லிஸ்டுல எனக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்காங்க. அதுவும் ஒரு பி.பி. நம்பராம். அதுவும் காலைலருந்து என்கேஜ்டாம்! சரி, ரெண்டு பேர்ல யாரு திரும்ப வர்றாங்களோ பாக்கலாம்னு விட்டுட்டாங்களாம். நான் வந்துட்டேன்.”

டீக்கடைக்காரரிடம் அவளுக்கு ஒரு டீயும் பன்னும் சொன்னேன். பன்னைப் பிய்த்தவள், வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“அங்கிள்... அந்த இன்னொருத்தர் பாவம்ல?”

“ம்” என்றேன். இந்த முறை அது என் பதிலாக இருந்தது.

மைசூர்பாகு வீண்போகவில்லை. நாகராஜுக்கும் இரண்டு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சாரதா தன் அக்காவுடன் ஆசை தீரப் பேசி முடித்த பிறகு, மிச்சமிருந்த துளியையும் இறக்கினேன். மகேஸ்வரி கீழே வந்து என்னோடு உட்கார்ந்தாள். ஃபைல்களாக விரிந்தன... அத்தனையும் படிக்க இந்த ஜென்மம் போதாது. அவளுக்குத்தான் எங்கே தேடுவது என்று தெரிந்தது. பொத்தானின் அகலம் ஒரே ஓர் எண்ணாக ஓர் ஓரத்தில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், எந்தத் தேசத்திலோ உட்கார்ந்துகொண்டு எழுதிய ஒருவர், ‘இது எல்லோருக்கும் போதும்’ என்று குறிப்பும் போட்டிருந்தார்.

“தமிழ போட்டுப் பாக்காமலே எழுதிட்டாரு” என்று மகேஸ்வரி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. டயல் டோனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று ஆபீசுக்குக் கிளம்பியவன் அல்லவா நான்?

எண்ணை மாற்றி, குழுவுக்கு அனுப்பிவிட்டோம். ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் ‘மாற்றங்களைச் சேமி’ முழுசாகத் தெரியும். மோடத்தின் சத்தத்தையும் பழையபடி கூட்டி வைத்துவிட்டேன். கத்தட்டும்.

மகேஸ்வரி இன்றைக்கு வேலைக்குப் போய்விட்டாள். என்றாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டேயிருக்கிறது. இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில், போனுக்கு எதிரே நாற்காலி போட்டு, இன்னொருவரும் அன்று காலை முழுக்க உட்கார்ந்திருந்திருப்பார் – எடுத்துப் பார்க்கவும் பயந்துகொண்டு.

போன புதன்கிழமை... அது உங்கள் வீடு இல்லையே?