கொலுத் தேங்காயும் விமானக் கதவும்

விமானத்தின் அவசரக் கதவு, திறக்க வேண்டிய அந்த ஒரு கணத்தில் திறந்தாக வேண்டும். அதற்கான மின்சாரத்தைக் கனத்த பேட்டரிக்குப் பதிலாகக் கரியில் சேமித்து வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் கொல்கத்தாவில் என் வேலை. தேங்காய் ஓட்டைக் காற்றுப்படாமல் சுட்டால் அதற்கேற்ற கரி கிடைக்கும்.

நவராத்திரி முடிந்ததும் நகரின் டாக்குரியா பகுதித் தமிழ் வீடுகளில் தாம்பூலத் தேங்காய்கள் குவிந்து கிடந்தன. ஓசியில் கிடைத்தால் விடுவேனா? ஓடுகளையெல்லாம் வாங்கி வந்து சுட்டு, அந்தக் கரியில் மின்தேக்கி செய்தேன். தக்கையாக இருந்தது. மேஜைமேல் இருந்த மாதிரிக் கதவைப் பட்டென்று திறந்தது. எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் மின்சாரம் ஏற்றி இரண்டு நாள் சும்மா வைத்தால் காலி. மூடியை மாற்றினேன், உள்ளே கரியைப் பிரித்து வைக்கும் தாளை மாற்றினேன், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை என் கணவர் பூஜைத் தேங்காய்க்குக் குங்குமம் வைத்தார். கழுவிய பிறகும் அவர் விரலில் சிவப்பு போகவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சள் குங்குமம் வைக்காமல் எந்த வீட்டில் தாம்பூலத் தேங்காய் கொடுப்பார்கள்? நானோ ஓடுகளை வெறும் தண்ணீரில் அலசியதோடு சரி. சோதித்தபோது, கடைக் குங்குமத்தில் இருந்த உலோகத் துகள்தான் மின்சாரத்தைக் கசியவிட்டது என்பது உறுதியானது.

புதுக் கரி தயாராவதற்குள் மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. அவர்கள் கைவிரித்தால் ஆராய்ச்சியே நின்றுவிடும். குழு வரும் அன்று காலையில் மின்சாரம் ஏற்றிக் காட்டிவிடலாம் என்றார் துறைத் தலைவர். கணவரும் அதையேதான் சொன்னார்.

"அவங்க முன்னாடி திறந்தா போதுமே. மத்ததை அப்புறம் சரி பண்ணிக்கோ."

"விபத்து என்ன, சார்ஜ் பண்ணின அன்னிக்கேதான் வருமா?"

அவர் ரசம் ஊற்றினார்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பே பழைய மின்தேக்கியில் மின்சாரம் ஏற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குழு வந்ததும் எடுத்து இணைத்து, பொத்தானை நானே அழுத்தினேன். கதவு அசையவில்லை. துறைத் தலைவர் தரையைப் பார்த்தார். நான் காரணத்தைச் சொல்லி, சுத்தமான ஓட்டில் செய்து காட்ட அவகாசம் கேட்டேன்.

குழுத் தலைவி எழுந்து வந்து, திறக்காத கதவை விரலால் தள்ளிப் பார்த்தார். திறக்காது என்று தெரிந்தேதான் அழுத்தினீர்களா என்று வங்காளத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவகாசம் தருகிறோம், ஆனால் அடுத்த முறை இரண்டு நாள் போதாது, ஒரு வாரம் பூட்டி வைப்போம் என்றார்.

வையுங்கள் என்றேன்.