தம்புள்ளையில் மூன்று விரல் குறைந்த பெட்டி

தம்புள்ளைக்குப் போகிறவர்கள் குகைக் கோவிலைப் பார்க்கப் போவார்கள், அல்லது சீகிரியாவுக்குப் போகிற வழியில் இறங்கி இளநீர் குடிப்பார்கள். நான் முதல்முறை போனது ஒரு பழைய பிக்கப்புக்குப் பின்பெட்டி வாங்க. மாத்தளை – தம்புள்ளை வீதியைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வீதியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். எழுதத் தோன்றுவது அந்த ஒரு பயணத்தை மட்டும்தான்.

அறுபதுகளின் கடைசி. மாத்தளை டவுனில் எங்களுக்குத் துணிக்கடை. வாப்பா மௌத்தான பிறகு கடை என் கைக்கு வந்திருந்தது. சம்பள நாளில் தோட்டங்களுக்குத் துணி மூட்டை கொண்டுபோய் விற்பதுதான் எங்கள் வியாபாரத்தில் பாதி. மூட்டையைப் பஸ்சில் ஏற்றினால் கண்டக்டரின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்த டீசல் பிக்கப் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாதவன் எதற்கு வாங்கினாய் என்று உம்மா கேட்டார். செல்லையா இருக்கிறான் என்றேன்.

செல்லையா அந்தத் தோட்டத்து டிரைவர். அந்தப் பிக்கப்பைப் பல வருடம் ஓட்டியவனே அவன்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். துணி விற்கப் போன இடத்தில் பழக்கம், பிறகு அவன் மனைவி பேச்சியம்மாவின் கையால் பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக் குடித்து நெருக்கம். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவனும் என்னை நானா என்பான். சொந்தத் தம்பி இல்லாத எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் அதிகமாகவே இனித்தது.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, நிலாக் கணக்கில் வாரம் ஒருமுறை வருகிற போயாவுக்குத்தான் கடை அடைப்போம். ஒவ்வொரு போயாவுக்கும் இரத்தோட்டைக்குப் பஸ் ஏறுவேன். டீசல் டாங்கியில் இருந்தது டீசல் இல்லை, தார் மாதிரி ஒரு சேறு. அதைக் கழுவி, பம்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரேக் ரப்பர் மாற்றினோம். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த நேரம், ஒரு ரப்பருக்காகக் கண்டி வரை அலைந்தேன். கடைசியில் லைனில் அடைபட்ட காற்றை எடுத்துவிட்டு, தொழிலாளர் லயத்துப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து சரிவில் தள்ளினார்கள். இரண்டாவது வளைவில் வண்டி இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. செல்லையா கீழே ஆற்றுப்பாலம் வரை போய்த்தான் திரும்பி வந்தான். அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் யார் முகத்திலும் பார்க்கவில்லை.

எஞ்சின் பிழைத்துவிட்டது. பின்பெட்டி பிழைக்கவில்லை. வருடக்கணக்கில் உரம் ஏற்றியதில் தகட்டை முழுக்கத் துரு தின்றிருந்தது, கையை வைத்தால் கை அந்தப் பக்கம் போனது. இப்படியே கொஞ்ச நாள் ஓட்டலாம், பலகை போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் செல்லையாவின் குடும்பத்துக்கு இந்தியா போகும் பாஸ்போர்ட் வந்தது.

வரும் என்று தெரியும். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் மழை வரும் என்று தெரிந்திருப்பதும் நனைவதும் ஒன்றல்லவே. அப்படிப் போகிறவர்களைத் தோட்டத்து லொறியில் ஏற்றி மாத்தளை ஸ்டேசனில் இறக்குவார்கள், அங்கிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல். அந்த லொறியை ஓட்டியதும் செல்லையாதான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த ரோட்டுல எத்தனையோ பேரக் கொண்டுபோய் எறக்கி விட்டுட்டேன் நானா. என்னைய இன்னொருத்தன் ஏத்திக்கிட்டுப் போய் எறக்கக் கூடாது. என் புள்ளைங்கள நானே ஓட்டிக்கிட்டுப் போகணும்."

பிள்ளைகளை ஏற்றத் தரையில்லாத வண்டி. போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றே பெட்டி தேட ஆரம்பித்தேன்.

தம்புள்ளையில் வீதியோரம் பழைய வாகனங்களை உடைத்து விற்கிற ஒரு சிங்கள முதலாளி இருந்தார். அவரிடம் நல்ல பெட்டி ஒன்று இருப்பதாகவும், நீளம் கூட என்றும், அளவு அனுப்பினால் வெட்டித் தயாராக வைப்பார் என்றும் மிளகாய் லொறிக்காரர் ஒருவர் சொன்னார். செல்லையா வேலையில் இருந்தான். நான் கடையில் இருந்த கெஜக்கோலை எடுத்துக்கொண்டு போய், பெட்டி உட்காரும் அடிச்சட்டத்தை, அதாவது சேஸியை, அளந்தேன். இரண்டேகால் கெஜம். லொறிக்காரரிடம் அதைச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த போயா அன்று காலை ஆறு மணிக்கு மாத்தளையிலிருந்து கிளம்பினோம். பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டாயிற்று. முன்னால் டிரைவர் கூடு, பின்னால் வெறும் சேஸி. சட்டை மட்டும் போட்டுச் சாரம் கட்டாமல் தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு. அளுவிகாரையில் பௌத்தப் பன்சலைக்குப் பூ கொண்டுபோனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். செல்லையா அவர்களைப் பார்த்து ஹோர்ன் அடித்தான். தம்புள்ளை இருபத்தெட்டு மைல். பாலாப்பத்வெல வரை தென்னையும் கொக்கோவும், நாலந்தை தாண்டியதும் மரங்கள் குட்டையாகி, காற்று காய்ந்து, வானம் பெரிதாகிவிடும். இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பின்பெட்டி இல்லாத வண்டி குழிக்குக் குழி குதிரை மாதிரி துள்ளியது. எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெட்டி அழகாக இருந்தது. பலகைத் தரை, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு. சொன்ன அளவுக்குச் சுத்தமாக வெட்டி வைத்திருந்தார்கள். நாலு பேர் தூக்கிச் சேஸியில் வைத்தோம். பின்பக்கத்தைச் சரியாக வைத்தால் முன்பக்கம் கூட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி. முன்பக்கத்தை ஒட்டினால் பின்பக்கம் குறை. போல்ட் துளை ஒன்றும் பொருந்தவில்லை. முதலாளி டேப்பை எடுத்து வந்து பெட்டியை அளந்து காட்டினார். சரியாக இரண்டேகால் கெஜம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

செல்லையா அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தான். மூன்று பெருவிரல் அகலம். பிறகு என் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

துணிக்கடைக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் கடையில் கெஜக்கோலின் நுனியில் பெருவிரலை வைத்து, விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் அடுத்த கெஜத்தை அளப்போம். அந்த விரலகலம் வாங்குகிறவருக்கு. வாப்பா அப்படித்தான் அளந்தார், அவருடைய வாப்பாவும் அப்படித்தான். கேட்டால் பரக்கத், கொடுக்கக் கொடுக்கப் பெருகும் என்பார்கள். கால் கெஜம் வாங்கினாலும் ஒரு விரல் உண்டு. சேஸியை அளந்தபோதும் என் கை அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. இரண்டு கெஜத்துக்கு இரண்டு விரல், காலுக்கு ஒன்று. இரும்புக்கும் பரக்கத் கொடுத்திருக்கிறேன்.

"நானா, நீங்க சேஸிய அளந்தீங்களா, இல்ல சேஸிக்குப் பாவாடை தைக்கச் சீத்தைத் துணி வெட்டுனீங்களா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு பெட்டி தேட நாள் இல்லை. அழுகைதான் வந்தது, மறைக்கவும் இல்லை. முதலாளி எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்துவிட்டுத் தன் ஆளிடம் புதிதாகத் துளை போடச் சொன்னார். பின்பக்கத்தை ஒட்டி வைத்து, இடைவெளியை முன்பக்கம் விட்டார்கள். கைத்துளைப்பானால் அந்தத் தடித்த இரும்பில் துளை போட மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று போனோம். சோறும் சுரைக்காயும். பாதியில் கை கழுவிவிட்டோம்.

திரும்பும் வழியில் நாவுலைக்கு இந்தப் பக்கம் செல்லையா வண்டியை ஓரம் கட்டி இறங்கி, என்னை டிரைவர் சீட்டுக்குத் தள்ளினான். ஸ்டேசனில் அவன் இறங்கிய பிறகு வண்டியை யார் திருப்பிக்கொண்டு போவது என்ற கேள்வி எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது. முதலாவது கியர், இரண்டாவது கியர் வந்தது. மூன்றாவது போடும்போதெல்லாம் கியர் பெட்டிக்குள் பல் கடிக்கிற சத்தம். நாலந்தை வரை இரண்டாவதிலேயே உறுமிக்கொண்டு வந்தோம். பின்னால் வந்த ஒரு பஸ் எங்களை முந்தும்போது டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"மூணாவது அப்புறம் பாத்துக்குவோம்" என்றான் செல்லையா.

நாலந்தையில் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். போகாமல் இருக்க ஏலாதா என்று அங்கேதான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன்.

"என்னையக் கேட்டா இங்கயே கெடந்துருவேன் நானா" என்றான். "பேச்சியோட ஆளுங்க பூராவும் அங்க போயாச்சு. லயத்துல அவ தனியா அழுதுக்கிட்டுக் கெடக்குறா."

தேத்தண்ணிக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினோம். டவுனுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

அந்தப் போயாவுக்கும் அவர்கள் புறப்பட்ட நாளுக்கும் நடுவில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது கியர் அப்படியே நின்றுவிட்டது.

புறப்பட்ட அன்று நான் முந்தின நாளே லயத்துக்குப் போய்விட்டேன். இரண்டு டிரங்குப் பெட்டி, பாய் மூட்டை, பாத்திரச் சாக்கு. பேச்சியம்மாவும் பிள்ளைகளும் பின்பெட்டியில் பாய் மேல் உட்கார்ந்தார்கள். லயமே வந்து நின்றது. செல்லையா வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். யாரையும் பார்க்காமல் ஏறி, வண்டியை எடுத்தான். பிள்ளைகள் அந்த மூன்று விரல் இடைவெளிக்குள் கையை விட்டுக் கூட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். அவன் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பின்னால் திருப்பித் தட்டினான். எட்டு மைலும் அப்படியே. அந்த இடைவெளிக்கு ஒரு பலகை அடிக்கலாம் என்று முதல் நாள்வரை நினைத்திருந்தேன்.

ஸ்டேசனில் பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி கொடுத்தேன். விரல் வைத்துத்தானே அளந்தீர்கள் என்று பேச்சியம்மா கேட்டாள். கெஜத்துக்கு இரண்டு விரல் என்றேன். செல்லையா தோள் துண்டால் ஸ்டியரிங்கை ஒருதரம் துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தான். மாத்தளை ரயில் நேரத்துக்குப் புறப்பட்டதாக அதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்குப் புறப்பட்டது. கெஜத்துக்குக் கெஜம் கூடக் கொடுத்தே பழகிய குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு எனக்கு ஒரு விரல் கூடக் கிடைக்கவில்லை.

கடை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரண்டாவது கியரிலேயே இரத்தோட்டை வீதியில் திரும்பினேன். பின்பெட்டி காலி. எதற்குப் போகிறேன் என்று தெரியாமல் தொழிற்சாலை வரை போய், முதன்முதலில் வண்டியைத் தள்ளிய அந்தச் சரிவில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மாத்தளையிலிருந்து தம்புள்ளை நாற்பத்தைந்து கிலோமீற்றர், இப்போது பஸ்சில் ஒன்றேகால் மணி நேரம் போதும். காலையிலேயே கிளம்புங்கள், நாவுலைக்கு அப்பால் வெயில் கொடுமை. நாலந்தையில் பழைய கற்கோவில் இருக்கிறது, நான்தான் தேத்தண்ணிக் கடையைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. இரத்தோட்டைக்கு மழைக்காலத்தில் போனால் குடையை நம்பாதீர்கள். பழைய பிக்கப்புக்குப் பெட்டி மாற்றுகிறவர்கள் சேஸியையும் பெட்டியையும் ஒரே டேப்பால், ஒரே ஆளை வைத்து அளந்துகொள்ளுங்கள். துணிக்கடைக்காரரை அனுப்பாதீர்கள்.

பிக்கப் இன்னும் கடைக்குப் பின்னால் நிற்கிறது. கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஸ்டார்ட்டும் ஆகும். கப்பலேறிய பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை. இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் சிலரும் உண்டு என்று மருமகன் சொல்கிறான். இரத்தோட்டையிலிருந்து வந்த செல்லையா என்ற டிரைவரை உங்களில் யாராவது அறிந்திருந்தால், அந்த இடைவெளியை நான் அடைக்கவில்லை என்று சொல்லுங்கள். மூன்றாவது கியர் போடப் பழகிவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.