குட்டித் திருக்கை

அம்சவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம். வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குப் போகிற வழியில் அவள் போட்டிருந்த கடையில் பொருளைவிடப் பேச்சுதான் முதலில் விற்கும். மன்னார்குடிப் பக்கம் நடவும் களையெடுப்புமாகக் குனிந்தே கிடந்த குடும்பத்தில், தையல் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தவள் அவள்தான். அந்த மிதப்பு அவளிடம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வந்த மிதப்புதானே.

அவள் தைத்தது திருக்கை மீன் தோலில் பர்ஸ். நாகப்பட்டினத்து மீன் வியாபாரி சிங்காரவேலு பெரிய திருக்கைகளைத் தோலுரித்துத் துண்டு போட்டு விற்பார். தோல் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி, பதனிடக் கொடுத்து, அழகழகாகத் தைத்தாள். "இதுக்குன்னு ஒரு உசுரையும் கொல்லலீங்க, வீணாப் போறதை எடுத்துத் தைக்கிறேன்" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். அப்போது அது சத்தியமான வார்த்தை.

வினை அந்த முத்தில் வந்தது. திருக்கையின் முதுகு நடுவே, முத்துப் பதித்ததுபோல் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். ஒரு தோலுக்கு ஒன்றுதான். அது இருக்கிற பர்ஸைத்தான் எல்லோரும் கேட்டார்கள். பெரிய தோலில் ஒரு பர்ஸுக்கு முத்து கிடைக்கும், மிச்சமெல்லாம் வெறுந்தோல், விலைபோகாது. அம்சவல்லி யோசித்து சிங்காரவேலுவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, சின்னச் சின்னத் தோலா எடுத்து வைங்கண்ணே. ஒரு தோலுக்கு ஒரு பர்ஸ் வந்துரும்."

"அதுக்கென்ன தங்கச்சி, சொல்லிவைக்கிறேன்."

யாரிடம், என்னவென்று சொல்லிவைப்பார் என்று அவள் கேட்கவில்லை. மூட்டை மூட்டையாகத் தோல் பஸ்ஸில் வந்து இறங்கியது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள், பாவி மகள்.

இப்படியே மூன்று நாலு வருஷம் ஓடியது. போன மாதம் அவள் மகள் மதிவதனிக்குக் குழந்தை பிறந்தது. பால் போதவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்பார்கள். நல்ல மீனாகப் பார்த்து வாங்க அம்சவல்லியே நாகப்பட்டினம் போனாள்.

பெரிய திருக்கை ஒன்றுகூட இல்லை. சிங்காரவேலு கடைக்குப் பின்னால், ஒரு தோசை அகலம்கூட இல்லாத குட்டிகள் தோலில்லாமல் குவிந்து கிடந்தன.

"இதை யாருண்ணே வாங்குவா?"

"யாரும் வாங்க மாட்டாங்க. சதையே இல்லையே. கோழித் தீவனத்துக்குப் போவுது."

"பின்னே எதுக்குப் புடிக்கிறாங்க?"

சிங்காரவேலு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீதானே தங்கச்சி சின்னதாக் கேட்டே. முன்னெல்லாம் வலையில குட்டி விழுந்தா தண்ணியிலயே விட்டுருவாங்க. இப்ப தேடிப் போயிப் புடிக்கிறாங்க. குட்டியை அள்ளிட்டா பெருசு எங்கேருந்து வரும்?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று அம்சவல்லி தன்னையே நொந்துகொண்டாள்.

"இனிமே எனக்கு வேண்டாம்ணே. நிறுத்தச் சொல்லிருங்க."

"உனக்கு வேண்டாம்னா சரி. உன் பர்ஸைப் பார்த்துட்டு வெளியூர்க்காரங்க வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்கும் இதே அளவுதான் வேணுமாம்."

வெறும் பையோடு வீடு வந்து சேர்ந்தாள். குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"திருக்கை கிடைக்கலையாம்மா?" என்றாள் மதிவதனி.

"வளரவிட்டாத்தானேடி கிடைக்கும். நான்தான் குட்டியிலேயே கேட்டு வாங்கிட்டேன்" என்றாள் அம்சவல்லி.