தெரிந்த முகங்களைத் தாண்டும் வேகம்

மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரையும் ஒருமுறைகூட நடக்காமல் ஓடி முடிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது, போன வருடம் கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில். அந்த ஆசையில் பாதி என் நாத்தனாருடையது. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். முதலில் ஓட ஆரம்பித்தவளும் அவள்தான். முழங்கால் சவ்வு கிழிந்து, இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஷூவைக் கழுவிக் காயவைத்து என்னிடம் கொண்டுவந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே அளவுக் கால்.

"சும்மா கெடக்குது அண்ணி. நீங்களாச்சும் ஒரு சுத்து முழுசா ஓடிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் கிழக்குக் கோபுரத்தருகே புறப்படுவேன். அவள் தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் பின்னால் வருவாள். மார்கழி முழுவதும் தோற்றேன். செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பிய கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டி நடந்துவிடுவேன். நான் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். தினமும் காலையில் முத்திரையின் தேதியை மாற்றுவதுதான் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில், ஓட்டம் நின்றுபோன இடத்தையும் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். தேதி மாறியது, இடம் மாறவில்லை. ஓட்டத்தைப் பற்றிப் படித்த புத்தகங்கள் எல்லாமே ஆரம்பத்தில் மெதுவாகப் போகச் சொல்லின. நானும் மெதுவாகத்தான் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து பார்த்தவளுக்குத்தான் தெரிந்தது.

"ஊருக்குள்ள மட்டும் ஏன் அண்ணி போலீஸ் தொரத்தற மாதிரி ஓடறீங்க?"

உண்மைதான். அந்தத் தெருக்களில் பாதிப் பேர் என் கவுண்டருக்கு வருகிறவர்கள். நிறைமாதக்காரி போல நிதானமாக, செருப்பில்லாமல் சுற்ற வேண்டும் என்பது இங்கே வழக்கம். அந்தப் பாதையில் இந்த வயதில் சுடிதாரும் ஷூவுமாக ஓடுகிறேன். யாரென்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் தாண்டிவிடக் கால்கள் தாமாகவே விரைந்தன.

"ஆள் இல்லாத பக்கமா ஆரம்பிக்கட்டுமா?"

"எங்க ஆரம்பிச்சாலும் ஊரு வந்துதான தீரணும்? யாரு கேட்டாலும் ஓடிக்கிட்டே பதில் சொல்லுங்க. மூச்சு வாங்காம சொல்ல முடிஞ்சா, அதான் உங்க வேகம்."

தை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. கோபுரத்தருகே பூக்காரம்மா முதலில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மேடம், பஸ்ஸ வுட்டுட்டீங்களா?"

"இல்லம்மா, மலையச் சுத்தி ஓடிட்டு வரேன்."

"நடந்தாலே புண்ணியம். ஓடினா ஜாஸ்தியா குடுப்பாரா?"

சிரித்தேன். சிரித்ததில் வேகம் தானாகக் குறைந்தது. அடுத்து டீக்கடையிலிருந்து ஒருவர், "மேடம், என் பார்சல் வந்துச்சா?" என்றார்.

"நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க சார், பாத்துச் சொல்றேன்."

பதில் முழுதும் ஒரே மூச்சில் வந்தது. பின்னால் ஸ்கூட்டரில் ஒரு சிரிப்பு.

"இன்னும் கம்மி பண்ணுங்க அண்ணி. வண்டி சாயற வரைக்கும் கம்மி பண்ணுங்க." வண்டி நிஜமாகவே ஆடியது. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி ஊன்றி வந்தாள்.

வழக்கமாக நின்றுபோகும் இடம் வந்தது. அது பின்னால் போன பிறகுதான் அவள் ஹாரனை ஒருமுறை அடித்தாள்.

அடி அண்ணாமலையைத் தாண்டினோம், குபேர லிங்கத்தைத் தாண்டினோம். மறுபடி ஊர் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கோபுரம் தெரியும் தெருமுனையில் தொடைகள் கல்லாகிவிட்டன. நடந்துவிடலாம் என்று நினைத்த நொடியில் ஸ்கூட்டர் சத்தம் நின்றது. பார்த்தால் அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து என் பக்கத்தில் நடந்து வருகிறாள்.

"நான் நடக்கறேன், நீங்க ஓடுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது, பாருங்க."

அவ்வளவு மெதுவான ஓட்டம். ஆனாலும் ஓட்டம்தான்.

"இன்னும் ஓடிக்கினே இருக்கீங்களா மேடம்?" என்றாள் பூக்காரம்மா. நாத்தனார்தான் பதில் சொன்னாள்.

"முழு சுத்தும்மா. எங்கியுமே நடக்கல."

கோபுரத்தைக் கும்பிட ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் செருப்பை விட்டுவிட்டு அந்த ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு நின்றாள். லேஸைக்கூடக் கட்டவில்லை.

"இன்னும் சூடா இருக்குது அண்ணி" என்றாள்.