தங்கக் கார்ட்டும் வெள்ளிக்கிழமைச் சைவமும்

விமான டிக்கட் விற்பவனுக்கு விமானத்தில் ஒரு ஆணிகூடச் சொந்தமில்லை. ஆனால் கால் நீட்ட இடமில்லாவிட்டாலும், சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும், பக்கத்துச் சீற்காரன் குறட்டை விட்டாலும் குற்றவாளி அவன்தான். கவுண்டருக்குப் பின்னால் இருந்து சிரித்துச் சிரித்தே தாடை நொந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் மோர்டனில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கட்டண விதிப் புத்தகத்தை ரயிலில் வாசித்து வாசித்தே தொழில் பழகியவன் நான். அந்தப் புத்தகத்தில் இல்லாததைப் படிப்பித்தவர் ஹரோவில் இருந்த எஞ்சினியர் சிவகுருநாதன் அண்ணை.

சுற்றுப்பாதை

அண்ணையின் மகளுக்குச் சிங்கப்பூரில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தாய்தகப்பனும் லண்டன்காரர். இரண்டு குடும்பமும் ஒரே விமானத்தில் போவதாகப் பேச்சு. "நாங்கள் எப்பவும் முன்பக்கத்திலதான் போறனாங்கள்" என்று அண்ணை சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். உண்மையில் பிசினஸ் வகுப்பு இருக்கிற அந்த முன்பக்கத்தை அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் கடந்து போனதுதான்.

அந்தப் பொய்யை ஆறு மாதத்துக்குள் உண்மையாக்க ஒரே வழி, அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பனி கொடுக்கிற தங்கக் கார்ட். அது கையில் இருந்து, முன்னுக்குச் சீற்றும் காலியாக இருந்தால், அவரையும் மனைவியையும் காசில்லாமல் உயர்த்துவார்கள். விமானக் கம்பனி தூரத்தைப் பார்க்கவில்லை, எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்றே எண்ணிப் புள்ளி போட்டது. வேலைக்காக மாதாமாதம் நேரே துபாய் போய்வந்த மனிதருக்கு நான் ஆம்ஸ்டர்டாம், ஏதென்ஸ், பஹ்ரைன் என்று டிக்கட் எழுதினேன். அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா போன் எடுத்தார்: "தம்பி, நான் மனிசனைத் துபாய்க்கு அனுப்பச் சொன்னன். நீர் சாமி வீதிவலம் வாற மாதிரியெல்லோ அனுப்பிறீர்!"

தகப்பனுக்கு வந்த கார்ட்

எங்கள் எண்ணிக்கை நிறைந்தது, தங்கம் வரவில்லை. பதிலுக்கு இரண்டு வெள்ளிக் கார்ட் வந்தன. ஒன்று திரு. சிவகுருநாதனுக்கு, மற்றது திரு. பொன்னையாவுக்கு. பொன்னையா அண்ணையின் தகப்பன் பெயர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. படிவம் கேட்டால் ஒருநாள் தகப்பன் பெயரைக் கொடுப்போம், இன்னொரு நாள் எங்கள் பெயரையே கொடுப்போம். அண்ணை இரண்டையும் மாறி மாறிக் கொடுத்திருந்தார். புள்ளிகளும் நியாயமாகப் பாதிப் பாதி பிரிந்து போயிருந்தன.

ஒருவருடைய புள்ளியை மற்றவருக்கு மாற்ற முடியாது என்றாள் கம்பனிப் பெண். பிறப்புச் சான்றிதழும் சட்டத்தரணியின் கடிதமும் அனுப்பி, இருவரையும் ஒரே ஆளாக்க இரண்டு மாதம் பிடித்தது. திருப்பி அனுப்பவேண்டிய தகப்பனின் கார்ட்டை என்னிடம் தரும்போது அண்ணை சொன்னார்: "எங்கட ஐயா சைக்கிளைத் தவிர ஒண்டிலயும் ஏறாத மனிசன். செத்தாப் பிறகு வெள்ளிக் கார்ட் எடுத்திட்டார்!"

எழுதாத விதி

ஒருவழியாகத் தங்கம் வந்தது. ஆனால் முன்பக்கத்துக்கு ஏற எழுதாத தகுதிகளும் உண்டு. கோட் போட்டிருக்க வேண்டும். கயிறு கட்டிய பெட்டி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசேஷ சாப்பாடு கேட்டிருக்கக் கூடாது. கேட்டால் உங்கள் பெயர் ஒட்டிய தட்டைப் பின்பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். தட்டு எங்கேயோ அங்கேதான் நீங்களும்.

பயணம் வெள்ளிக்கிழமை. அண்ணை வீட்டில் வெள்ளி என்றால் சைவம், இருவருக்கும் அதையே முன்கூட்டிச் சொல்லிவைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை. தன்னுடைய சைவத்தை உடனே கான்சல் பண்ணச் சொன்னார். பாண் துண்டும் பழமும் போதுமாம். அக்காவினுடையதையும் கான்சல் பண்ணட்டோ என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தினார்: "அதை நீரே கேளும், தம்பி. நான் அந்த வீட்டிலதான் இருக்கவேணும்."

ஹீத்ரோவில்

நான் கேட்கவில்லை, எனக்கும் பயம். வழியனுப்ப நானும் என் மனைவியும் போயிருந்தோம். அவள் உயிரோடு இருந்த காலம் அது. அண்ணை கோட்டும் டையுமாகத் தங்கக் கார்ட்டைக் கவுண்டரில் வைத்தார். சம்பந்தியும் மனைவியும் அவருக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றார்கள்.

முன்னுக்கு இரண்டு சீற் இருக்கிறது என்றாள் கவுண்டர்ப் பெண். ஆனால் அம்மாவின் சைவத் தட்டு பின்பக்கத்துக்குப் போய்விட்டது. சாப்பாடு வேண்டாம் என்று கையெழுத்து வைத்தால் அவரையும் ஏற்றலாம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். பதின்மூன்று மணித்தியாலப் பயணம். "ஒருநாள் பட்டினி கிடந்தால் என்னப்பா?" என்று அண்ணை கெஞ்சினார். அக்கா சம்பந்தியம்மாவைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார், பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினார். "நீங்கள் கார்ட்டோட முன்னுக்குப் போங்கோ. நான் சாப்பாட்டோட பின்னுக்கு வாறன்."

இறங்கிய பிறகு

கலியாணம் முடிந்து வந்த அண்ணை என் முன்னால் அமர்ந்து நடந்ததைச் சொன்னார். அவர் விட்டுப்போன காலிச் சீற்றில் அக்கா வலதுகாலை நீட்டிக்கொண்டு சிங்கப்பூர் வரை சுகமாகப் போயிருக்கிறார். பக்கத்தில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். சைவத் தட்டையும் மூவருமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டார்களாம்.

முன்பக்கம் எப்படி என்று கேட்டேன். "பக்கத்தில ஒரு வெள்ளைக்காரன். ஏறினவுடன கண்ணைத் துணியால கட்டிக்கொண்டு படுத்தவன், இறங்கேக்கதான் அவிழ்த்தவன். அதுக்கிடையில பின்னுக்கு மூண்டு பேருமாய்க் கலியாண ஒழுங்கு முழுக்கக் கதைச்சு முடிச்சு, நான் மண்டபத்தில பேச இருந்த பேச்சையும் வெட்டிப் போட்டினம், தம்பி!"

ஏறி இறங்கிப் புள்ளி சேர்த்தால் யாரும் முன்வரிசைக்குப் போகலாம். பக்கத்துச் சீற்றில் யார் இருக்கவேண்டும் என்பதற்கு மட்டும் எந்தக் கம்பனியும் இன்னும் கார்ட் அடிக்கவில்லை.