பில் லைனை வெட்ட வந்தவர்கள்

ஹேண்ட்போன் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: மாதச் செலவைக் குறைக்க வருகிறவர், ஏன் குறைக்கிறார் என்ற கதையை முழுசாகச் சொல்லாமல் போகமாட்டார். மருந்துக்கடையோ துணிக்கடையோ தபால் ஆபீஸோ, ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர் நீங்கள் என்றால், நாம் ஒரே சாதி. சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தொழிற்சாலைகளில் ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ப்ரீபெய்ட் வந்தது. மாதாமாதம் பில் கிடையாது. கார்டு வாங்கிச் சுரண்டி, உள்ளே இருக்கும் எண்களைப் போனில் அழுத்தினால், காசு தீரும்வரை பேசலாம். மலேசியாவின் பினாங்குத் தீவில், பினாங்கு ரோட்டில் நான் வேலை பார்த்த கடைக்கு, பில் லைனை வெட்டிவிட்டு ப்ரீபெய்டுக்கு மாற ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே சங்கடம், மாறினால் பழைய நம்பர் போய்விடும். மத்தியான மழையில் கண்ணாடிக் கதவு மங்கிக் கிடக்கும். அலமாரிப் போன்களின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தபடி நான் பாதித் தூக்கத்தில் நிற்பேன். அந்தப் பாதித் தூக்கத்துக்குள்தான் இவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பதில் பேசாத பெண்

துரைரத்தினம் ஐயா அரசாங்க ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டையில்தான் வருவார். பென்ஷன்காரனுக்கு பில் லைன் எதற்கு என்று ப்ரீபெய்டுக்கு மாறினார். மிச்சக் காசு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு எண்ணை அழுத்தினால், பதிவு செய்த பெண் குரல் ஒன்று சொல்லும். அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். கேட்டு முடித்ததும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "தேங்க் யூ, மிஸ்" என்றார்.

ஒரு வாரம் கழித்து முகம் வாடி வந்தார். தினமும் காலையில் கூப்பிடுகிறாராம், தினமும் நன்றி சொல்கிறாராம், அந்தப் பெண் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் வைத்துவிடுகிறாளாம். அது மெஷின் ஐயா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. "மொழியை மாத்தலாம் ஐயா, மலாய்ல கேட்டுப் பாருங்க" என்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கார்டு வாங்க வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இங்கிலீஷில் கொஞ்சம் கடுகடுப்புத்தான் பிள்ளை. மலாயில் கேட்டால் எவ்வளவு தன்மையாய்க் கதைக்கிறா!"

ஜாதிக்காய் மரத்தடியில்

மாரிமுத்து அண்ணன் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் டுரியான் பழத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. தோட்டத்தில் மேட்டு மேலே ஒரு ஜாதிக்காய் மரம். அதன் அடியில் நின்று, கடல் பக்கம் முகத்தைத் திருப்பினால் இரண்டு கோடு வரும். மூன்று வருஷமாக அந்த இரண்டு கோட்டுக்காக மாதா மாதம் பில் கட்டியிருக்கிறார்.

ப்ரீபெய்டுக்கு மாறிய பிறகு அவர் அந்த மரத்தடியில் ஒரு பலகை போட்டார். சாயங்காலம் அங்கே போய் உட்காருவாராம். காற்று மாறும்போது கோடு மூன்றாகுமாம், தூரத்தில் மீன்பிடிப் படகுகள் திரும்புவது தெரியுமாம். யாரையும் கூப்பிடாமலே அரைமணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பாராம். அவர் சொல்லச் சொல்ல, எனக்குக் கடை மறந்து போய் அந்தக் காற்று முகத்தில் அடிப்பதுபோல் இருந்தது. "இப்பவும் அங்கதான் உக்காருறீங்களா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். பெருமூச்சு விட்டார்.

"எங்க லா உக்காருறது? சிக்னல் நல்லா வர்ற இடத்துல காத்தும் நல்லா வருதுன்னு, என் பொண்டாட்டி அங்க கொடி கட்டித் துணி காயப் போடுறா!"

கத்தியால் சுரண்டியவர்

காலைச் சந்தையில் தோசை சுட்டு விற்கும் பரமேஸ்வரி அக்கா, கார்டைக் காசால் சுரண்ட வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய், வெங்காயம் நறுக்கும் கத்தியால் சுரண்டிவிட்டார். நடுவில் ஒரு எண் அடியோடு காணவில்லை. மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு செத்துவிடும். இரண்டு பேரும் கவுண்டரில் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்த வெள்ளைத் தழும்பையே பார்த்தோம். "மூணு மாதிரி தெரியுது" என்றேன். போட்டோம், இல்லை. "எட்டா இருக்கும்" என்றேன். அதுவும் இல்லை. இனி ஒரே ஒரு தடவைதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு "ஆறு" என்றார்.

காசு ஏறிவிட்டது. நான் கைதட்டினேன். அக்காவுக்கு மட்டும் சந்தோஷமே இல்லை.

"இந்த அதிர்ஷ்டம் நாலு நம்பர் லாட்டரி டிக்கெட்டுல வரக்கூடாதா லா? போயும் போயும் டாப்-அப் கார்டுல வந்து தொலைஞ்சிருக்கு!"

மூன்று எட்டு

செல்வி பாயான் பாரு அடுக்குமாடி வீட்டிலிருந்து வருவாள். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஓவர்டைம் நின்றதும் பில் கட்ட முடியாமல் ப்ரீபெய்டுக்கு மாற வந்தாள். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வந்தாள். விண்ணப்பப் பாரத்தை எல்லாம் நிரப்புவாள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். மூன்றாவது தடவை, ஏன் என்று கேட்டேன். அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், முனியாண்டி, சரக்குக் கப்பலில் இருக்கிறார். ஏதாவது துறைமுகத்தில் இறங்கினால் கூப்பிடுவார். மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். "அவருக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான்கா. கம்பெனிக்கு ரெண்டு கடிதம் போட்டேன், பதிலே இல்ல. நம்பர் போச்சுன்னா நான் எங்க இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, பாரத்தை எட்டிப் பார்த்தார். நம்பர் முடிவில் மூன்று எட்டு. சீனர்களுக்கு எட்டு என்றால் செல்வம். அந்த லைனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, செல்விக்கு ப்ரீபெய்ட் சிம்மை இனாமாகத் தருவதாகச் சொன்னார். ஜூருவில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் நம்பரைத் தள்ளிவிடுவது அவர் திட்டம் என்று எனக்குப் புரிந்தது. அதுவரை அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "விக்கிறதுன்னா அவளுக்கும் பங்கு குடுங்க தவுக்கே. அதுவும் உடனே வேணாம். அவ அண்ணன் கூப்பிடுற வரைக்கும் நம்மகிட்டயே இருக்கட்டும்." அவர் என்னையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பங்கு உண்டு. ஆனா சீனப் பெருநாள் வரைக்கும்தான்" என்றார் மலாயில். செல்வி கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அந்த நம்பர் போட்ட ஒரு கடைப் போன் என் மேஜை டிராயருக்குள் இருந்தது. சாப்பிடப் போனாலும், பஸ்ஸில் வீட்டுக்குப் போனாலும் கூடவே வந்தது. தையல்காரி கூப்பிட்டாள், பழைய சிநேகிதிகள் கூப்பிட்டார்கள், எல்லாருக்கும் செல்வியின் புது நம்பரைச் சொன்னேன். மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குக் கப்பல் தெரியும், பாரந்தூக்கிகள் தெரியும், படிக்கத் தெரியாத எழுத்தில் பெயர்ப்பலகைகள் தெரியும். நான் பினாங்கைத் தாண்டிப் போனது ஃபெர்ரியில் எதிர்க்கரை பட்டர்வொர்த் வரைக்கும்தான். மாதங்கள் ஓடின. சீனப் பெருநாளுக்காகக் கடைகளில் ஆரஞ்சுப் பெட்டிகள் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜூருக்காரர் வருகிறார் என்று தவுக்கே சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம், மழை. டிராயர் அதிர்ந்தது. எடுத்தால் இரைச்சல், அதற்குப் பின்னால் ஒரு ஆண் குரல்: "செல்வி?" நான் கத்தியதில் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "செல்வி இல்லண்ணே, வச்சிராதீங்க! செல்வி நல்லா இருக்கு, நம்பர்தான் மாறிருச்சு, எழுதிக்குங்க!" அந்தப் பக்கம் நான் சொன்னது போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆனது. பேனா இல்லை, சாவியால் சுவரில் கீறுகிறேன் என்றார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கர், கர் என்று சத்தம் கேட்டது. உலகத்தின் ஏதோ ஒரு சுவரில் எங்கள் ஊர் நம்பர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எந்த ஊர்ச் சுவர் என்று கேட்டேன்.

"ஊர் பேரு வாயில நுழையல தங்கச்சி. ஆனா நல்ல கெட்டியான சுவரு!"

வெள்ளிக்கிழமை

ஜூருக்காரர் சொன்னபடி வந்து, மூன்று எட்டையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் செல்வி ஒரு பொட்டலம் பலகாரத்தோடு வந்தாள். தன் பங்கை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டாள். நேற்றே அண்ணன் கூப்பிட்டுவிட்டாராம். குரல் கொஞ்சம் கம்மியிருந்ததாம், ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லையாம், அடுத்த தீபாவளிக்கு வந்துவிடுவாராம். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள். இரண்டு பேரும் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் பேசினோம்கா. அதுல அஞ்சு நிமிஷம், 'கடைக்காரப் பொண்ணு ஏன் அப்படிக் கத்துச்சு'ன்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு!"

பேசுகிற செலவைக் குறைக்க எங்கள் கடைக்கு வந்தவர்களில், பேச்சைக் குறைத்துக்கொண்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.